நாலு வார்த்தை

போன தை மாதம் பெரியம்மா மகன் அண்ணன் போன் செய்தார். பையன் குடி எல்லை மீறிப் போய்விட்டது, வேலையும் போய்விட்டது, நீ ஒரு தடவை வந்து நாலு வார்த்தை சொல்லு, நீ சொன்னால் கேட்பான் என்றார். நான் குடியை விட்டு ஒன்பதாவது வருடம் நடக்கிறது. அது எங்கள் சொந்தத்தில் எல்லோருக்கும் தெரியும், அதனால் இப்படி அழைப்பு வருவது புதிதில்லை. பஸ் பிடித்துப் போனேன். பையனுக்கு 26 வயது. மொட்டை மாடியில் உட்கார வைத்து ஒன்றரை மணி நேரம் பேசினேன். கல்லீரலைப் பற்றிச் சொன்னேன், தங்கச்சி கல்யாணத்தைப் பற்றிச் சொன்னேன், அம்மா முகத்தைப் பார் என்றேன், நான் எவ்வளவு கெட்டுப் போனேன் தெரியுமா என்றேன். தலையைக் குனிந்தபடி எல்லாவற்றையும் கேட்டான். நான் முடித்ததும் மெதுவாகக் கேட்டான்: "சித்தப்பா, உங்களுக்கும் எங்கப்பா இப்படித்தான் வந்து சொன்னாங்க. எனக்கு ஞாபகம் இருக்கு, நான் அப்ப ஒன்பதாவது படிச்சேன். நீங்க கேட்டீங்களா?"

அதில் திமிர் இல்லை. உண்மையிலேயே தெரிந்துகொள்ளத்தான் கேட்டான். என்னிடம் பதில் இல்லை. அன்று ராத்திரி நான் வீடு வந்து சேர்வதற்குள் அவன் குடித்துவிட்டு வந்திருக்கிறான் என்று அண்ணன் போனில் சொன்னார். அந்தக் கேள்வி பல வாரம் என்னை விடவில்லை. அதற்காகத்தான் இதை எழுதுகிறேன். என் பெயரையும் ஊரையும் போடவில்லை. குடியை விட நினைப்பவர்கள் ஒருவருக்கொருவர் துணையாகக் கூடும் ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் என்ற அமைப்பின் கூட்டத்துக்கு நான் போகிறேன். அதில், பத்திரிகை, வானொலி மாதிரிப் பொதுவெளியில் பெயரை வெளியிடுவதில்லை என்பது வழக்கம். அங்கே மற்றவர்கள் சொல்வதை வெளியே கொண்டுவருவதும் இல்லை. அதனால் இதில் என் கதை இருக்கும், சம்மதம் கேட்டுவிட்டு எழுதும் இரண்டு பேரின் கதை கொஞ்சம் இருக்கும், அவ்வளவுதான்.

இரண்டு மணி நேரம்

பையன் கேட்டதற்கு நேர்மையான பதில், நான் கேட்கவில்லை என்பதுதான். எனக்கு அறிவுரை சொல்லாத ஆள் கிடையாது. மாமனார் சொன்னார், மேனேஜர் சொன்னார், ஜோசியர் பரிகாரத்தோடு சேர்த்துச் சொன்னார், அம்மா கோயிலுக்குக் கூட்டிப்போய்க் கையில் கயிறு கட்டிச் சத்தியம் வாங்கினாள். சத்தியம் செய்யும்போது மனதார செய்தேன், இதைப் பலர் நம்ப மாட்டார்கள். மூன்று வருடம் தொடர்ந்து சபரிமலைக்கு மாலை போட்டேன். 48 நாள் ஒரு சொட்டு தொடவில்லை. மலையிறங்கி மாலையைக் கழற்றிய அன்றைக்கே குடித்தேன், மூன்று வருடமும். ஆனால் அந்த 48 நாள்தான் என்னிடம் இருந்த பெரிய சாட்சி. இத்தனை நாள் இருக்க முடிந்தவன் எப்படிக் குடிநோயாளி ஆவான் என்று எல்லோரிடமும் வாதாடினேன்.

வீட்டில் ஒரு கட்டத்தில் விளம்பரம் பார்த்து ஏதோ பவுடர் வாங்கிச் சாம்பாரில் கலந்து போட்டிருக்கிறார்கள். அன்றைக்குக் குடித்ததும் முகமெல்லாம் சிவந்து, நெஞ்சு படபடவென்று அடித்து, வாந்தி எடுத்து விழுந்தேன். அதில் என்ன இருந்ததென்று கடைசிவரை யாருக்கும் தெரியவில்லை. இதை வாசிக்கும் குடும்பத்தார் யாராவது அப்படி ஒன்றை வாங்கி வைத்திருந்தால், கையெடுத்துக் கும்பிட்டுக் கேட்கிறேன், கலக்காதீர்கள். டைசல்ஃபிராம் என்ற மாத்திரையை டாக்டர்கள் கொடுப்பதுண்டு. நோயாளியின் சம்மதத்தோடு, இதை எடுத்துக்கொண்டு குடித்தால் என்ன ஆகும் என்று சொல்லித்தான் கொடுப்பார்கள். தெரியாமல் கொடுத்தால் ரத்த அழுத்தம் இறங்கி உயிரே போகலாம்.

எனக்கு என்னைக் காட்டியது ஒரு அரசாங்க உத்தரவு. 2016 மே மாதக் கடைசியில் டாஸ்மாக் திறக்கும் நேரத்தைக் காலை 10 மணியிலிருந்து மதியம் 12 மணிக்கு மாற்றினார்கள். மற்றவர்களுக்கு அது டீக்கடையில் இரண்டு நாள் பேசிவிட்டு மறந்துபோன செய்தி. எனக்கு அந்த இரண்டு மணி நேரம் நரகம். பத்தரைக்கெல்லாம் கை நடுங்க ஆரம்பிக்கும், ஆபீசில் பேனா பிடிக்க முடியாது, சட்டை வேர்வையில் ஒட்டும். இரண்டு மணி நேரத்தைத் தாண்ட முடியாத ஆளாக நான் ஆகியிருந்தது அப்போதுதான் தெரிந்தது. ஆகஸ்டில் ஒருநாள் வீராப்பாக ஒரேயடியாக நிறுத்தினேன். இரண்டாம் நாள் வலிப்பு வந்து, அரசு மருத்துவமனை மனநலப் பிரிவில் பத்து நாள் கிடந்தேன். தினமும் நிறையக் குடிப்பவர் தன்னந்தனியாகத் திடீரென்று நிறுத்துவது ஆபத்து. நடுக்கம், வலிப்பு, இல்லாத உருவங்கள் தெரிவது எல்லாம் முதல் மூன்று நான்கு நாளில் வரலாம், அதற்கு மருந்து இருக்கிறது, ஆஸ்பத்திரிக்குத்தான் போக வேண்டும். கூட்டம் அதற்குப் பிறகு. டிஸ்சார்ஜ் ஆகும்போது ஒரு பயிற்சி டாக்டர், என்னைவிட இருபது வயது சின்னப் பெண், மாத்திரைச் சீட்டின் பின்பக்கம் ஒரு நம்பரை எழுதி, "இங்க போய்ப் பாருங்கண்ணா" என்றார். அதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை.

மாடியில் மூன்றாம் வகுப்பு

நம்பருக்குப் போன் செய்தால் கிடைத்துவிடும், ஆனால் போன் செய்ய எனக்கு ஆறு நாள் ஆனது. எடுத்தவர் என் பெயரைக் கேட்கவில்லை. ஞாயிறு சாயங்காலம் 5.30, சர்ச் வளாகத்தில் இருக்கிற பள்ளிக்கூடம், மாடியில் கடைசி வகுப்பறை, காசு ஒன்றும் வேண்டாம், குடியை நிறுத்த வேண்டும் என்ற ஆசை இருந்தால் போதும் என்றார். சர்ச் என்றதும் அம்மா பயந்தாள், மதம் மாற்றிவிடுவார்களோ என்று. எங்கள் ஊர்ப்பக்கம் நிறையப் பேர் இந்தக் காரணத்துக்காகவே போகாமல் இருக்கிறார்கள் என்று பின்னால் தெரிந்துகொண்டேன். இடம்தான் சர்ச்சுடையது, அதற்கு வாடகை கொடுக்கிறோம். குடியிலிருந்து மீள இந்த அமைப்பு வகுத்திருக்கும் பன்னிரண்டு படிகளில் கடவுள் வருகிறார், ஆனால் அவரவர் புரிந்துகொண்ட கடவுள் என்றுதான் எழுதியிருக்கிறது. என் கூட்டத்தில் அமைதிக்கான பிரார்த்தனை சொல்லும்போது நெற்றியில் திருநீறோடு நிற்பவர்களும் உண்டு, கடவுள் இல்லை என்பவர்கள் வாயை மூடி நிற்பதும் உண்டு. ஒருவரும் ஒருவரையும் கேட்பதில்லை.

முதல் ஞாயிறு நான் உள்ளே போகவில்லை. எதிர் டீக்கடையில் உட்கார்ந்து மூன்று டீ குடித்துவிட்டு, ஏழு மணிக்கு அவர்கள் வெளியே வருவதைப் பார்த்துவிட்டு வீட்டுக்கு வந்தேன். யாராவது பார்த்துவிட்டால் என்ன செய்வது என்பதுதான் காரணம். இதை நினைத்தால் இன்றும் மனசு ஆறவில்லை. டாஸ்மாக் முன்னால் பட்டப்பகலில், பக்கத்துத் தெருக்காரர், மகனின் வாத்தியார் எல்லோரும் போகிற வழியில், இடுப்பில் லுங்கியோடு எத்தனை வருடம் நின்றிருப்பேன்! அங்கே யார் பார்ப்பார்கள் என்று ஒருநாளும் யோசித்ததில்லை. குடிப்பதை ஊரே பார்க்கலாம், குடியை நிறுத்தப் போவதை மட்டும் யாரும் பார்க்கக் கூடாது என்று ஒரு வெட்கத்தை எங்கிருந்து கற்றுக்கொண்டோம் என்று தெரியவில்லை. குடிக்கிறவனை "கொஞ்சம் சாப்பிடுவார்" என்று சொல்லி மூடிவிடுகிறோம். நோய் என்று சொல்லிவிட்டால் மருந்து தேட வேண்டும். பெண்களுக்கு இது இன்னும் பத்து மடங்கு. குடியை விட வேண்டும் என்று நினைக்கிற ஒரு பெண் எங்கள் ஊரில் அந்த மாடிப்படி ஏற எவ்வளவு துணிச்சல் வேண்டும் என்று நினைத்துப் பாருங்கள்.

இரண்டாவது ஞாயிறு ஏறினேன். மூன்றாம் வகுப்பு. முழங்கால் மடக்கி உட்கார வேண்டிய சின்ன பெஞ்சுகள், சுவரில் உயிரெழுத்து சார்ட், பதினொரு பேர். நான் எதிர்பார்த்துப் போனது ஒரு பெரிய பேச்சு. யாராவது ஒரு கவுன்சிலரோ சாமியாரோ எழுந்து, இதைச் செய், இதைச் செய்யாதே என்று சொல்லி ஒரு வழி காட்டுவார் என்று நினைத்தேன். அப்படி யாரும் இல்லை. தலைமை தாங்குபவரும் ஒரு குடிநோயாளிதான், அடுத்த வாரம் வேறொருவர். ஒவ்வொருவராகப் பெயர் சொல்லி, நான் ஒரு குடிநோயாளி என்று சொல்லி, தன்னைப் பற்றிப் பேசினார்கள். மற்றவர்கள் குறுக்கே பேசவில்லை, பதில் சொல்லவில்லை. என் முறை வந்தபோது இன்றைக்குக் கேட்க மட்டும் வந்தேன் என்றேன், நன்றி என்று சொல்லிவிட்டு அடுத்தவருக்குப் போனார்கள். ஒரு துணிப்பை சுற்றி வந்தது, முடிந்தவர்கள் பத்து இருபது போட்டார்கள், புதிதாக வந்தவர் போட வேண்டாம் என்றார்கள். டீ கொடுத்தார்கள். எனக்குக் கோபம் வந்தது. இவ்வளவு தூரம் வந்தவனுக்கு என்ன செய்வது என்று ஒரு வார்த்தை சொல்ல மாட்டார்களா?

அந்தக் கோபத்தோடுதான் மறுபடி போனேன். மூன்றாவதோ நான்காவதோ கூட்டத்தில் சுவரில் இருந்த அந்த சார்ட்டைப் பார்த்துக்கொண்டிருந்தபோது, பள்ளிக்கூடத்தில் படித்த தன்மை, முன்னிலை, படர்க்கை ஞாபகம் வந்தது. வீட்டில் என்னிடம் பேசியவர்கள் எல்லோரும் முன்னிலையில் பேசினார்கள்: விடு, நிறுத்து, யோசித்துப் பார். நான் இல்லாதபோது படர்க்கையில் பேசினார்கள்: குடித்தே அழிகிறான், உருப்பட மாட்டான். இந்த அறையில் மட்டும் எல்லா வாக்கியமும் தன்மையில் முடிந்தது. குடித்தேன், பொய் சொன்னேன், மகளின் கொலுசை அடகு வைத்தேன், நேற்று அந்தக் கடை வழியாகப் போகாமல் சுற்றிப் போனேன். அதில் ஒன்றுகூட என்னைப் பார்த்துச் சொன்னதில்லை. அதனால் எதிர்த்து வாதாட அதில் எனக்கு எதுவும் இல்லை. பதினான்கு வருடமாக வாதாடியே பழகியவனுக்கு அது எவ்வளவு பெரிய ஓய்வு என்று சொல்லிப் புரியவைக்க முடியாது. பின்னால் ஒருநாள் என் 48 நாள் கதையை அங்கே சொன்னேன். கூட்டம் முடிந்து டீ குடிக்கும்போது ஒரு பெரியவர், "நானும் ஆறு தடவை மாலை போட்டேன்" என்றார். அதோடு நிறுத்திக்கொண்டார்.

சாவி

அந்த அறையின் சாவி ஒரு அண்ணனிடம் இருக்கும். ரயில்வேயில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், சொல்லட்டுமா என்று கேட்டதற்குச் சாவிக் கதையை மட்டும் தாராளமாகச் சொல் என்றார். நான் குடிக்காமல் 33 நாள் ஆகியிருந்தது. புதன்கிழமை போன் செய்து, மகள் பிரசவத்துக்காக வெளியூர் போகிறேன், ஞாயிறு நீங்கள் திறந்துவிடுங்கள் தம்பி என்றார். நான் வேண்டாம் என்றேன், வேறு யாரிடமாவது கொடுங்கள் என்றேன். "அஞ்சு மணிக்குத் திறந்து பெஞ்சைத் துடைச்சுருங்க, ரெண்டு பஸ் மாறி வர்றவரு சீக்கிரமே வந்து நிப்பாரு" என்று சொல்லி, ஸ்டேஷன் போகிற வழியில் வந்து கொடுத்துவிட்டுப் போய்விட்டார். சிவப்பு நூல் கட்டின பித்தளைச் சாவி.

அந்தச் சமயத்தில் என் வீட்டு நிலவரத்தைச் சொன்னால்தான் அது என்னவென்று தெரியும். பீரோ சாவியை மனைவி அரிசி டிரம்முக்குள் வைத்திருந்தாள். வண்டிச் சாவி மச்சான் வீட்டில் இருந்தது. பால் வாங்கக்கூட என்னிடம் சில்லறை எண்ணித்தான் கொடுப்பார்கள். அதில் தப்பே இல்லை, நான் அப்படித்தான் நடந்திருந்தேன். ஊரில் யாரும் ஒரு குண்டூசியைக்கூட நம்பிக் கொடுக்காத ஆளிடம், பத்துப் பதினைந்து பேர் காத்திருக்கும் ஒரு அறையின் சாவியை ஒருவர் கொடுத்துவிட்டு ஊருக்குப் போகிறார்.

ஞாயிறு மதியம் கூடப் படித்தவன் வீட்டுக் கிரகப்பிரவேசம். சாப்பாடு முடிந்ததும் மாடியில் பழைய செட்டு உட்கார்ந்திருந்தது. என் கையில் பிளாஸ்டிக் டம்ளரைத் திணித்தார்கள். ஒரு கட்டிங்தான்டா, வீட்டுக்குப் போய்த் தூங்கிடு, யாருக்குத் தெரியப் போகுது என்றார்கள். அந்த வாசனை மூக்கில் ஏறியபோது கல்லீரல் ஞாபகத்துக்கு வரவில்லை, குழந்தைகள் முகம் வரவில்லை, அம்மாவின் கயிறு வரவில்லை. நான் எவ்வளவோ நல்லவனாக இதைச் சொல்ல ஆசைதான், ஆனால் நடந்தது இதுதான். சட்டைப் பையில் சாவி கனத்தது. மணி பார்த்தேன், 3.40. நான் குடித்தால் ஐந்து மணிக்கு அந்த மனிதர் வந்து பூட்டின கதவு முன்னால் நிற்பார், பிறகு இன்னொருவர் வருவார், பூட்டியிருக்கிறது என்று திரும்பிப் போவார்கள், போகிற வழியில் கடை இருக்கிறது. டம்ளரை ஜன்னல் திட்டில் வைத்துவிட்டு, சொல்லாமல் கொள்ளாமல் இறங்கினேன். நாலேகாலுக்குப் பள்ளிக்கூடத்துக்குப் போய்விட்டேன். தரையைப் பெருக்கினேன், பெஞ்சைத் துடைத்தேன், கரும்பலகையைக்கூடத் துடைத்தேன். ஐந்துக்கு அவர் வந்தார், ரெண்டு பஸ் மாறி. "என்ன தம்பி, இன்னைக்கு நீங்களா?" என்று சிரித்தார். அன்றைக்குத்தான் அந்த அறையில் முதல்முறையாக வாயைத் திறந்து முழுதாகப் பேசினேன்.

மொட்டை மாடியில் பையனிடம் நான் பேசியதைத் திரும்பத் திரும்ப மனதில் ஓட்டிப் பார்த்தபோது, அதில் தன்மையில் வந்த வாக்கியமே இல்லை என்று புரிந்தது. நான் எவ்வளவு கெட்டுப் போனேன் தெரியுமா என்றதும் தன்மை மாதிரி வேஷம் போட்ட முன்னிலைதான், நீயும் அப்படி ஆகாதே என்பதற்காகச் சொன்னது. இந்தத் தவறை எனக்கு முன்னால் இந்தக் கூட்டத்தைத் தொடங்கியவரே செய்திருக்கிறார். அமெரிக்காவில் பில் வில்சன் 1934 டிசம்பரில் குடியை நிறுத்திய பிறகு, ஐந்து மாதம் நியூயார்க்கில் கண்ட குடிகாரர்களிடமெல்லாம் உபதேசம் செய்தார். ஒருவரும் திருந்தவில்லை. அவருக்கு வைத்தியம் பார்த்த டாக்டர் சில்க்வொர்த்தான் உபதேசத்தை நிறுத்தச் சொன்னார். 1935 மே மாதம் ஏக்ரன் என்ற ஊருக்கு வியாபார விஷயமாகப் போய், அது கெட்டுப் போய், ஓட்டலில் தனியாக நிற்கும்போது பார் பக்கம் கால் இழுத்திருக்கிறது. அங்கிருந்து சர்ச்சுகளுக்குப் போன் போட்டு, எனக்குப் பேச ஒரு குடிகாரர் வேண்டும் என்று தேடினார். கிடைத்தவர் பாப் ஸ்மித் என்ற சர்ஜன். பதினைந்து நிமிடம்தான் இருப்பேன் என்று சொல்லி வந்த பாப், ஆறு மணி நேரம் உட்கார்ந்து கேட்டார். பில் அன்று பாப்பைத் திருத்தப் போகவில்லை, தான் குடிக்காமல் இருப்பதற்காகப் போனார். பாப் அதன்பிறகு ஒருமுறை குடித்துவிட்டு, ஜூன் 10 அன்று கடைசியாகக் குடித்தார். அந்த நாளைத்தான் அமைப்பின் பிறந்தநாளாக வைத்திருக்கிறார்கள்.

இதெல்லாம் வெறும் நம்பிக்கையா, பலன் உண்டா என்று ஒரு டாக்டர் நண்பர் ஒருமுறை கேட்டுவிட்டு அவரே தேடிப் படித்தார். 2020இல், மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பு 27 ஆய்வுகளை, பத்தாயிரத்துக்கும் மேற்பட்டவர்களைப் பற்றியவற்றை, சேர்த்துப் பார்த்திருக்கிறது. முழுதாகக் குடிக்காமல் இருப்பதற்கு, இந்தக் கூட்டங்களோடு இணைக்கும் முறையான சிகிச்சை மற்ற சிகிச்சைகளைவிட நன்றாகவே உதவுகிறது என்று வந்திருக்கிறது. பெரும்பாலும் அமெரிக்க ஆய்வுகள். எல்லோருக்கும் இது ஒத்துவரும் என்று நான் சொல்ல மாட்டேன், வந்து நின்றுபோனவர்களையும் பார்த்திருக்கிறேன், இறந்தவர்கள் வீட்டுக்கும் போயிருக்கிறேன். ஆனால் ஒரு கூட்டத்தைப் பார்த்துவிட்டு முடிவு செய்யாதீர்கள், ஐந்தாறு போங்கள், ஊரில் இல்லையென்றால் கொரோனா காலத்திலிருந்து போனிலேயே தமிழில் நடக்கும் கூட்டங்கள் இருக்கின்றன. இதை மட்டும் முன்னிலையில் சொல்லிக்கொள்கிறேன்.

கடைசி ஞாயிறு

சித்திரையில் ஒரு சாயங்காலம் ஆபீசில் அவமானம் ஒன்று. இத்தனை வருடம் கழித்தும் குடிக்க வேண்டும் போல் இருந்தது. பஸ் ஸ்டாண்டில் நின்றபடி பையனுக்கு ஒரு மெசேஜ் அனுப்பினேன்: "நீ கேட்டதுக்குப் பதில் இல்லாம வந்துட்டேன். நான் கேக்கலப்பா. உங்கப்பா சொன்னப்ப எப்பப் போவாருன்னுதான் இருந்துச்சு. இன்னிக்கு எனக்குக் குடிக்கணும்னு இருக்கு. மீட்டிங்குக்குப் போறேன்." இரண்டு நீல டிக் வந்தது. பதில் வரவில்லை. எனக்கு அன்றைக்குக் குடிக்காமல் வீட்டுக்குப் போக அது போதுமானதாக இருந்தது.

மூன்று வாரம் கழித்து, மாதக் கடைசி ஞாயிறு, மாடிப்படிக்குக் கீழே பையனின் அப்பா, என் பெரியம்மா மகன் அண்ணன், நின்றுகொண்டிருந்தார். கையில் மடித்த மஞ்சள் பை. பையன் வரவில்லை. "அவன் உன் மெசேஜைக் காட்டுனான். நீ போய்ப் பாரேன்னா, போன்னு கத்துறான். சரி, என்னதான் நடக்குதுன்னு நான் பாக்கலாமா?" என்றார். எங்கள் கூட்டத்தில் மாதக் கடைசி ஞாயிறு யார் வேண்டுமானாலும் வரலாம், மற்ற ஞாயிறுகள் குடிநோயாளிகளுக்கு மட்டும். கூட்டிப் போய்க் கடைசி பெஞ்சில் உட்கார வைத்தேன். ஒன்றரை மணி நேரமும் முதுகை வளைக்காமல் உட்கார்ந்து கேட்டார். கடைசியில் தலைமை தாங்கியவர், வந்திருக்கும் நண்பர் ஏதாவது பகிர விரும்பினால் பகிரலாம், கட்டாயமில்லை என்றார். அண்ணன் எழுந்தார். வாழ்நாள் முழுக்கப் பஞ்சாயத்துப் பேசியவர், பேச்சுக்குப் பஞ்சமே இல்லாத மனிதர். "என் பையன்..." என்று ஆரம்பித்து நிறுத்தினார். "அவன் வந்து..." என்றார். மறுபடி நிறுத்தினார். பிறகு, "எட்டு மாசமா நான் தூங்கலைங்க" என்றார். அவ்வளவுதான், உட்கார்ந்துவிட்டார்.

நன்றி என்றார்கள். அடுத்தவருக்குப் போனார்கள்.

கீழே இறங்கி டீ குடிக்கும்போது, குடிப்பவர்களின் வீட்டாருக்கு அல்-அனான் என்று புதன்கிழமை தனிக் கூட்டம் இருக்கிறது, என் மனைவி ஏழு வருடமாகப் போகிறாள், பையன் குடியை விட்டாலும் விடாவிட்டாலும் அங்கே போகலாம் என்று சொன்னேன். குடிக்கிறது அவன், நான் எதற்கு என்று கேட்பார் என்று எதிர்பார்த்தேன். கேட்கவில்லை. டம்ளரைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு, புதன்கிழமை என்றால் எத்தனை மணிக்கு, அங்கிருந்து கடைசி பஸ் எப்போது என்று கேட்டார்.